தொட்டில் கயிறு

மழை பொய்த்துப்போன ஐம்பத்தொன்றாம் வருஷம், சங்கரன்கோவிலில் விற்ற வீடு ஒன்று விற்றவர்களைத் தேடி ராயகிரிக்கு நடந்து வந்தது. அன்று ஞாயிற்றுக்கிழமை. வீட்டை வாங்கிய வாத்தியார் மாணிக்கராஜ் சர்ச்சுக்குப் போயிருந்தார். மாசமாக இருந்த அவர் மனைவி இன்பம் உள்ளே சோறு பொங்கிக்கொண்டிருந்தாள். வீடு களத்துமேட்டில் நின்றதும் எட்டிப் பார்த்து, "யக்கா, உங்களத் தேடித்தான் வந்திருக்கு. நான் என்ன செய்யட்டும்?" என்றாள். விற்றவளான கோமதித்தாய்க்கு எந்த முகத்தோடு அவளைப் பார்ப்பதென்று தெரியவில்லை. முதலில் குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள்.

தப்பு தரகன் குருசாமியுடையது. அவன் மாட்டுத் தரகன். பஞ்சத்தில் மாடுகள் விற்றுத் தீர்ந்தபின், ஊரைவிட்டுப் போகிறவர்களின் வீடுகளை விற்றுக் கொடுத்தான். பழகிய கை சும்மா இருக்குமா? வாத்தியாரை வீட்டைச் சுற்றி நடக்கவைத்தான், சுவரைத் தட்டிக் காட்டினான், துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசினான். மாட்டை விற்கிறவர்கள் கயிற்றை மட்டும் கொடுக்கமாட்டார்கள். கொடுத்தால் தொழுவத்தின் ராசியும் கூடவே போய்விடும். அந்த வழக்கத்தையும் விடாமல், "கயிறு எதுவும் கெடந்தா அவுத்துக்கிடுங்க தாயி," என்றான். கோமதித்தாய் விட்டத்தில் கிடந்த தொட்டில் கயிற்றை அவிழ்த்து மடியில் கட்டிக்கொண்டாள். அந்தத் தொட்டிலில் கிடந்தது அவளுடைய ஒரே பிள்ளை. அம்மை போட்டுப் போய்விட்டது. அதற்கப்புறமும் பல வருஷம் அவள் கயிற்றை அவிழ்க்கவில்லை.

அன்று சாயங்காலமே அவள் முன்னால் நடந்து வீட்டைச் சங்கரன்கோவிலில் கொண்டுபோய் விட்டுவந்தாள். அந்த வாரத்திலேயே அது திரும்ப வந்தது. மறுபடி விட்டாள், மறுபடி வந்தது. வழியில் உள்ளவர்கள் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தி அதற்கு வழிவிடப் பழகினார்கள். வாத்தியார் பஸ் பிடித்துப் பள்ளிக்கூடத்துக்குப் பிந்திப் போனார், திட்டு வாங்கினார், யாரிடமும் குரல் உயர்த்தவில்லை. அதுதான் கோமதித்தாய்க்குத் தாங்கவில்லை. அண்ணன் வீட்டில் ஒண்ட வந்தவள் அவள். வாசலில் ஒரு வீடும் வந்து நின்றால் மதினி சும்மா இருப்பாளா? கோமதித்தாய் சுவரில் கை வைத்து, "வித்தாச்சு, போ. எனக்கு ஒன்ன வச்சுக்கிட வழியில்ல," என்று அழுதாள். வீடு நின்றது.

விஷயத்தைக் கேள்விப்பட்ட குருசாமி வந்து தலையில் கை வைத்து உட்கார்ந்தான். "மாட்டுக்கு உள்ள முறையச் சொல்லிட்டேன் தாயி. வீடு மனுசரோட இருந்து பழகுனதுல்லா. கயிறு இருக்குத எடத்துக்குத்தான் வரும்."

அவள் புருஷன் சங்கரசுப்பு, "குடுத்திரு ஏட்டி," என்றான். நிலம், மாடு, காதில் கிடந்தது எல்லாவற்றையும் அவன் கேட்டதும் கொடுத்தவள், இதற்கு மட்டும் மடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். இன்பம் கயிற்றைக் கேட்கவில்லை. ஆனால் அவளுக்கு நாள் நெருங்கியிருந்தது. நடக்கிற வீட்டில் எப்படிப் பிள்ளை பெறுவது?

ஒரு நாள் காலை கோமதித்தாய் கயிற்றை மடியில் வைத்துக்கொண்டு முன்னே நடந்தாள். வீடு பின்னால் வந்தது. பழைய மனையில் அது நின்றதும் உரலைக் கவிழ்த்துப் போட்டு ஏறி, விட்டத்தில் பழைய தடத்திலேயே கயிற்றைக் கட்டினாள். இழுத்துப் பார்த்தாள். இன்பத்தின் வயிற்றை ஒருதரம் தொட்டுவிட்டு இறங்கிப் போனாள். தெருமுனையில் திரும்பிப் பார்த்தாள். பின்னாலேயே வந்துவிடாதா என்று இருந்தது. வீடு வரவில்லை. கிழக்கே பார்த்த வாசலை மட்டும் ராயகிரி இருக்கும் வடமேற்காகத் திருப்பி வைத்துக்கொண்டு நின்றது.

மூலை பார்த்த வாசல் குடும்பத்துக்கு ஆகாது என்று தெருவில் சொன்னார்கள். வாத்தியார் மாற்றிக் கட்டவில்லை. தபால்காரர் பின்சந்து வழியாக வரப் பழகினார். அந்தக் கயிற்றில் இன்பத்துக்கு மூன்று பிள்ளைகள் ஆடி இறங்கின.

ஐம்பத்தெட்டு ஐப்பசியில், காலையில் கோலப்பொடியோடு பக்கத்து வீட்டுக்காரி வெளியே வந்தபோது, வாத்தியார் வீடு மாடு படுப்பதுபோல ஒரு படி தாழ்ந்து உட்கார்ந்திருந்தது. இன்பம் வெளியே வந்து பார்த்தாள். உள்ளே போய் அடுப்பை அணைத்தாள். பிள்ளைகளுக்குச் சட்டையை மாட்டிவிட்டு, ஆள் வந்து சாவுச் சேதி சொல்லட்டும் என்று காத்திராமல், ராயகிரி பஸ்ஸில் ஏறினாள்.