அக்காவுக்கு ஒரு போர்வை

முதலில் காணாமல் போனது ஒரு நைட்டி. பழசுதான், முழங்கைப் பக்கம் கிழிந்து தொங்கிய நைட்டிதான், ஆனாலும் பெரிசுக்கு அது உயிர். கொடியில் காயப்போட்டுவிட்டுப் போனவள் திரும்பி வந்து பார்த்தால் இரண்டு கிளிப் மட்டும் ஆடிக்கொண்டிருக்கின்றன. காற்று அடித்துக்கொண்டு போயிருக்கும் என்று பக்கத்து மாடி, கீழே குப்பைத்தொட்டி எல்லாம் எட்டிப் பார்த்தாள். அடுத்து ஒரு சால்வை. அதற்கப்புறம், வேலைக்குப் போட்டுப் போய்ப் பழசாகி அலமாரியின் அடித்தட்டில் மடித்து வைத்திருந்த நீலக் கோட்டு. கொடித் துணியைக் காற்று கொண்டுபோகும், சரி. அலமாரியைத் திறந்து கோட்டை எடுத்துவிட்டு மறுபடி மூடிவைக்கிற காற்றை எங்கேயாவது பார்த்ததுண்டா?

வீட்டில் அவளுக்குப் பெயரே பெரிசு. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற பள்ளியில் வேலை. பழகுகிறவருக்குப் பக்கத்து இருக்கையில் அவள் உட்கார்ந்திருப்பாள். அவள் காலடியில் தனியாக ஒரு பிரேக் இருக்கும். ஊரில் பாதிப் பேர் உயிரோடு நடமாடுவது அந்த வலது காலின் புண்ணியத்தில்தான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அதற்கு நேரம் கிடைக்கவில்லை. தகப்பனைத் தொடர்ந்து பெற்றவளும் கண்ணை மூடியபோது பெரிசுக்குப் பதினேழு வயது, கடைக்குட்டிக்கு ஒரு வயது. அன்றைக்கு இடுப்பில் ஏறிய பிள்ளை இறங்கினால்தானே!

அந்தக் கடைக்குட்டிக்கு இப்போது பாதித் தலை வழுக்கை. லிஃப்ட் மெக்கானிக். எல்லோருக்கும் இன்னமும் சின்னவன்தான். அவன் பெண்டாட்டி தையல்காரி, தெருமுனையில் கடை வைத்திருக்கிறாள். பேண்ட் நீளம் குறைப்பது, ஜிப் மாற்றுவது, பிடித்துவிட்ட சட்டையைத் தளர்த்திக் கொடுப்பது என்று மெஷின் ஓயாது. மூவரும் ஒரே வீட்டில்தான் இருக்கிறார்கள். வெளியூரில் ஒரு தங்கை, இன்னொரு ஊரில் ஒரு தாய்மாமா. அந்த இருவருக்கும் அவள் பெரிசு. 'அக்கா' என்று அவளைக் கூப்பிடுவது சின்னவனும் அவன் பெண்டாட்டியும் மட்டும்தான்.

"என் கோட்டைப் பார்த்தியாடா?" என்று சின்னவனைக் கேட்டாள்.

"எந்தக் கோட்டு?"

"நீலக் கோட்டு. எத்தனை கோட்டு வச்சிருக்கேன் நானு?"

"அதை விடுக்கா. உடம்பு எப்படி இருக்கு? நெஞ்சு வலி திரும்ப வந்துதா?"

கோட்டைக் கேட்டால் நெஞ்சைக் கேட்கிறான். அங்கேதான் பெரிசுக்குச் சந்தேகம் தட்டியது.

போன மாதம் நெஞ்சு பிடித்துக்கொண்டது என்று அவன்தான் டாக்டரிடம் அழைத்துப் போனான். ஸ்கேன் எல்லாம் எடுத்தார்கள். கடைசியில் அவளை வெளியே உட்காரவைத்துவிட்டு அவன் மட்டும் உள்ளே போய், போனவன் போனவன்தான். வெளியே வந்து, "ஒண்ணுமில்லக்கா, வெறும் வாயு" என்றான். வாயுவைப் பற்றி அவ்வளவு நேரம் பேச என்ன இருக்கிறது? போதாக்குறைக்கு வரும் வழியில் பழச்சாறு வேறு வாங்கிக் கொடுத்தான். தானாகப் பையில் கைவிட்டு யாருக்கும் எதுவும் வாங்கித் தருகிற ஆள் இல்லை சின்னவன். அப்போதே அவள் உஷாராகியிருக்க வேண்டும்.

கோட்டைக் கேட்டு இரண்டு நாள் கழித்துத் தையல் கடைக்குச் சாவி கொடுக்கப் போனாள். தம்பி பெண்டாட்டி வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து யாரோ சிநேகிதியிடம் போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"அக்காவோட துணி இன்னும் ரெண்டு கிடைச்சாப் போதும்... ஐயையோ, அவங்களுக்குத் தெரியக் கூடாது. தெரிஞ்சா உடைஞ்சு போயிடுவாங்க... ஆமா, ஒரு ஞாபகமா இருக்கட்டும்... பாவம், மாமா போன்லயே அழுதுட்டாராம்."

பெரிசு சத்தம் காட்டாமல் திரும்பி வந்துவிட்டாள். சாவி கையிலேயே இருந்தது. மாமா லேசில் அழுகிற ஆள் இல்லை. வாழ்நாள் முழுக்கக் கடிகாரம் ரிப்பேர் பார்த்தவர், எதற்கும் பதறாத மனிதர். அவரே அழுதார் என்றால் விஷயம் கைமீறிவிட்டது என்றுதானே அர்த்தம்? துணிக்கும் நோய்க்கும் என்ன சம்பந்தம் என்பதுதான் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

அதையும் புரியவைக்க ஒருத்தி வந்து சேர்ந்தாள். கார் பழக வருகிற வங்கிக்காரப் பெண். வண்டியைப் பின்னால் எடுக்கப் பழகிக்கொண்டே வாய் ஓயாமல் பேசுவாள்.

"எங்க மாமனார் போனதுக்கப்புறம் அவர் சட்டையையெல்லாம் சதுரம் சதுரமா வெட்டி, வீட்டுல எல்லாரும் சேர்ந்து ஒரு போர்வை தைச்சோம் மேடம். போர்த்திக்கிட்டா அவரே பக்கத்துல இருக்கற மாதிரி இருக்கு."

"போனதுக்கப்புறமா?"

"ஆமா மேடம். இருக்கும்போதே வெட்டினா அவர் எதைப் போட்டுக்குவாரு?"

பின் டயர் நடைபாதை விளிம்பில் ஏறி இறங்கியது. பெரிசு பிரேக்கை மிதிக்கவில்லை. இத்தனை வருஷத்தில் முதல் தடவை அவள் கால் அசையவே இல்லை. அந்தப் பெண் பேயறைந்த மாதிரி அவளைத் திரும்பிப் பார்த்தாள்.

அதன் பிறகான நாட்களில் பெரிசு சாகப் பழகினாள் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் அதிலும் ஒரே குளறுபடி. அழலாம் என்று உட்கார்ந்தால் கோபம் வந்தது. போனதுக்கப்புறம் வெட்ட வேண்டிய துணியை முன்கூட்டியே வெட்டுகிறார்களே, அவ்வளவு அவசரமா இதுகளுக்கு? கேட்டுவிடலாம் என்று வாயைத் திறப்பாள். சின்னவன் முகத்தைப் பார்த்ததும் மென்று முழுங்கிவிடுவாள். அவன் தாங்குவானா? அவளுக்குச் சாவு பெரிதில்லை; இந்தப் பயலை இரண்டாம் தடவை அனாதையாக விட்டுப் போகிறோமே என்பதுதான் நெஞ்சை அடைத்தது. அது வாயு இல்லை.

தங்கைக்குப் போன் போட்டு வாயைப் பிடுங்கிப் பார்த்தாள். "ஒண்ணுமில்லையே பெரிசு, ஞாயித்துக்கிழமை சும்மா வந்துட்டுப் போலாம்னு..." என்று அவள் இழுத்தாள். தொண்டை கரகரத்தது. கேட்டால் சளியாம். யார் காதில் பூ சுற்றுகிறாள்!

ஞாயிற்றுக்கிழமை வந்தது. சின்னவனும் பெண்டாட்டியும் காலையிலேயே கடைக்குப் போய்விட்டார்கள். பெரிசு தலைவாரி, நல்ல துணி உடுத்தி, பின்னாலேயே போனாள். கடை ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. குனிந்து உள்ளே நுழைந்தாள்.

துணி வெட்டுகிற மேஜை முழுக்க அது விரிந்து கிடந்தது. நைட்டி ஒரு சதுரம், பக்கத்தில் பூப்போட்ட துணி ஒரு சதுரம். கோட்டு ஒன்று, பூத்தையல் போட்ட தலையணை உறை ஒன்று. ஒன்றுவிட்டு ஒன்றாக அழகாகக் கோத்துத் தைத்திருந்தார்கள். பஞ்சு வைத்து அடித்துணி போட வேண்டியதுதான் பாக்கி. நூல் வெட்டிக்கொண்டிருந்த சின்னவன் கையும் களவுமாக அகப்பட்டவனாகத் திருதிருவென்று முழித்தான்.

"எத்தனை மாசம்னு சொன்னாங்க?" என்றாள் பெரிசு.

"என்ன மாசம்?"

"நடிக்காதடா. எனக்கு இன்னும் எத்தனை மாசம் இருக்குன்னு டாக்டர் சொன்னாரு? நேராச் சொல்லு, நான் தாங்கிக்குவேன்."

"வாயுன்னுதான் சொன்னாருக்கா! உள்ளே அவ்வளவு நேரம் பேசினது அவங்க லிஃப்ட் ரிப்பேரைப் பத்தி!"

"வாயுவுக்கு எவனாவது போர்வை தைப்பானா?"

தம்பி பெண்டாட்டி மெஷினை நிறுத்திவிட்டு எழுந்தாள். "அக்கா, சத்தியமா உங்களுக்கு ஒண்ணுமில்ல. மாமாதான் அக்காவுக்கு எல்லாரும் சேர்ந்து ஒரு போர்வை தைக்கலாம்னு சொன்னாரு. ஆளுக்குக் கொஞ்சம் சதுரம், அக்காவோட துணியிலேருந்தே வெட்டணும்னாரு. நீங்க எங்களுக்கெல்லாம் எவ்வளவு பண்ணியிருக்கீங்க! முன்னாடியே தெரிஞ்சா அழுதுடுவீங்கன்னு இவருதான் மறைக்கச் சொன்னாரு."

"மாமாவா சொன்னாரு? அவர் ஏன் அழுதாரு?"

அது தங்களுக்கும் தெரியவில்லை என்று இருவரும் விழித்தபோது ஷட்டரை யாரோ தட்டினார்கள். மாமாவும் தங்கையும் ஒரே ரயிலில் வந்து இறங்கியிருந்தார்கள். மாமா யாரையும் பார்க்காமல் நேரே மேஜைக்குப் போனார். பூப்போட்ட சதுரத்தைத் தடவினார். பக்கத்துச் சதுரத்துக்கு வந்ததும் விரல் நின்றது.

"இது என்ன நீலம்? நான் இதை அனுப்பலையே."

"அக்காவோட கோட்டு மாமா" என்றான் சின்னவன்.

"அக்கா எந்தக் காலத்துல கோட்டு போட்டா?"

"முன்னெல்லாம் தினமும்தானே மாமா? டிரைவிங் ஸ்கூலுக்கு."

"அக்கா டிரைவிங் ஸ்கூலுக்கா? அவ சைக்கிளைக்கூடத் தொட்டதில்லையேடா!"

சின்னவன் பெரிசைப் பார்த்தான். பெரிசு மாமாவைப் பார்த்தாள். தங்கை இருவரையும் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"மடையா! மாமா சொன்னது நம்ம அக்காவை."

"நானும் நம்ம அக்காவைத்தானே சொல்றேன்?"

"இவளை இல்லடா, அக்காவை! நம்மளைப் பெத்தவளை!"

விஷயம் இதுதான். அவர்களைப் பெற்றவள் வீட்டில் அவள் தம்பியும், அதாவது இந்த மாமா, சிறு பையனாக வந்து தங்கியிருந்தார். விடிந்தால் "அக்கா பசிக்குது", அடைந்தால் "அக்கா தூக்கம் வருது" என்று வீடு முழுக்க அந்தச் சத்தம்தான். மூத்த பிள்ளை பேச ஆரம்பித்ததும் அதையே பிடித்துக்கொண்டது. தங்கை அதைப் பார்த்துக் கற்றாள். பெற்றவளும் சிரித்துக்கொண்டே 'என்ன' என்று கேட்டுப் பழகிவிட்டாள். அம்மா என்ற வார்த்தை அந்த வீட்டில் புழங்கவே இல்லை. சின்னவனுக்குப் பேச்சு வருவதற்குள் அவள் போய்விட்டாள். குழந்தை ஏங்கிப்போவான் என்று அவன் முன்னால் யாரும் அவளைப் பற்றிப் பேசுவதில்லை. மாமா எப்போதாவது வந்து "அக்கா..." என்று குரல் கம்மினால், பெரிசு பட்ட கஷ்டத்தை நினைத்து உருகுகிறார் என்றே அவன் இத்தனை காலமும் எடுத்துக்கொண்டிருக்கிறான்.

"பெரிசுக்கும் சொல்லிடுடான்னு உன்கிட்ட சொன்னேனே!" என்றார் மாமா.

"அக்காவுக்குத் தைக்கிறதை அக்காகிட்டயே எப்படிச் சொல்றதுன்னு..." என்ற சின்னவன் தங்கையைக் காட்டினான். "இவளையும் வாயைத் திறக்காதேன்னுட்டேன்."

"மாமா அனுப்பின அந்தப் பூப்போட்ட துணியெல்லாம் நீங்க சின்ன வயசுல போட்டதுன்னு நினைச்சேன் அக்கா" என்று தம்பி பெண்டாட்டி நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

பெரிசுக்குச் சிரிப்பதா, ஆளுக்கு ஒரு அறை விடுவதா என்று விளங்கவில்லை. சாகப்போவதில்லை என்ற சந்தோஷத்தைக்கூட நிம்மதியாக அனுபவிக்க விடமாட்டார்கள் போலிருக்கிறது. கிடைத்த ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"சரி, தெரியாம நடந்துபோச்சு" என்றார் மாமா. "பெரிசு, நீ தப்பா நினைக்காத. ஆனா இது அக்காவுக்குன்னு ஆரம்பிச்சது. நீலத்தையும் அந்த நைட்டியையும் பிரிச்சு எடுத்துடும்மா."

தம்பி பெண்டாட்டி தையல் பிரிக்கிற கத்தியை எடுத்தாள். சின்னவன் துணிமேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டான்.

"பிரிக்காத."

"டேய்..."

"எனக்கு அவங்களைத் தெரியாது மாமா. முகம் தெரியாது, குரல் தெரியாது. இன்னிக்கு வரைக்கும் அவங்களைக் கூப்பிட எனக்கு ஒரு வார்த்தைகூடக் கிடையாது. எனக்குத் தெரிஞ்ச அக்கா இவதான். இவளைப் பிரிச்சுட்டா இந்தப் போர்வையில எனக்குன்னு என்ன இருக்கு?"

அவன் பெரிசு பக்கம் திரும்பினான். வழுக்கைவரை சிவந்திருந்தது.

"ஒண்ணு கேக்கறேன், சொல்லு. ஸ்கூல்ல சேர்த்த புதுசுல எல்லாப் பசங்களும் கூப்பிடறதைப் பார்த்துட்டு, நானும் வந்து உன்னை அம்மான்னு கூப்பிட்டேன். நீ என் தாடையைப் பிடிச்சு, 'அக்கான்னு சொல்லு'ன்னுட்ட. இவ நமக்கு அம்மா இல்ல, அம்மாவா இருக்க இவளுக்கு இஷ்டமும் இல்லன்னு நினைச்சுக்கிட்டேன். அதுக்கப்புறம் அந்த வார்த்தையை நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. ஏன் அப்படிச் சொன்ன?"

பெரிசு ஆடிப்போனாள். அவளுக்கு அது நினைவில் இருந்தது. அவன் இத்தனை வருஷம் அதைச் சுமந்துகொண்டிருப்பான் என்றுதான் நினைக்கவில்லை.

"அம்மான்னா எனக்கு என்னடா தெரியும்?" என்றாள். "நான் யாரையும் அப்படிக் கூப்பிட்டதில்லையே. அது பக்கத்து வீட்டுப் பிள்ளைங்க சொல்ற வார்த்தை. எனக்கு வயிறு பசிச்சா, பயந்தா, காய்ச்சல் வந்தா, நான் கூப்பிட்டது அக்காதான். அவ போனதுக்கப்புறம் அந்த வார்த்தை இந்த வீட்டுல சும்மா கிடந்துச்சு. அதைத்தான்டா உனக்குக் கொடுத்தேன். அதைவிடப் பெருசா என்கிட்ட வேற என்ன இருந்துச்சு?"

தங்கை மூக்கை உறிஞ்சினாள். சளி நிஜம்தான் போலிருக்கிறது, ஆனால் இது சளி இல்லை.

"அப்போ..." என்று சின்னவன் ஏதோ கணக்குப் போடுகிறவனாக நின்றான். "அப்போ நான் இவ்வளவு நாளா உன்னைக் கூப்பிட்டதெல்லாம்?"

"அதேதான்டா."

மாமா மருமகள் கையிலிருந்த கத்தியை வாங்கி மேஜை டிராயருக்குள் போட்டு மூடினார். "பஞ்சு எங்கம்மா இருக்கு? எடுத்துட்டு வா, ஆளுக்கு ஒரு பக்கம் பிடிப்போம்" என்றார்.

நான்கு மூலைக்கு நான்கு பேர் நின்று துணியை இழுத்துப் பிடித்தார்கள். பெரிசு ஸ்டூலை விட்டு எழுந்திருக்கவில்லை. தன் மூலையைப் பிடித்தபடியே சின்னவன் கூப்பிட்டான்.

"அக்கா."

எந்த அக்கா என்று தெரியாமல் மாமாவும் நிமிர்ந்து பார்த்தார்.

"என்னடா?" என்றாள் பெரிசு.

ஒன்றுமில்லையாம். சும்மா கூப்பிட்டுப் பார்த்தானாம்.