மூன்று மூட்டை புல்

தம்பி விசிட்டிங் கார்டு அடித்துக்கொண்டு வந்த அன்றே அக்காவுக்குச் சிரிப்பு தாளவில்லை. 'நிறுவனர், மண்புழு உரத் தொழில்' என்று பச்சை எழுத்தில் போட்டிருந்தான். நிறுவனர் இதுவரை ஒரு புழுவைக் கையால் தொட்டதில்லை. தொடச் சொன்னால் கையுறையைத் தேடுவார். இதற்கு முன்னால் மூன்று தொழிலை ஆரம்பித்து மூன்றையும் பாதியில் விட்டவன் என்பதால் வீட்டில் அவனுக்கு முதலாளி என்று பெயர். அதையும் பாராட்டு என்றே நினைத்துக்கொண்டிருந்தான், பாவம். பேச்சு பல்லக்கு, தம்பி கால்நடை என்று எவனோ இவனைப் பார்த்துவிட்டுத்தான் சொல்லியிருக்க வேண்டும்.

அக்கா தையல்காரி. முன்னறையில் மிஷின், கொல்லைப்புறத்தில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் இரண்டு பழைய பிளாஸ்டிக் தொட்டி. ஒன்பது வருஷத்துக்கு முன்னால், புருஷன் செத்த புதிதில், யாரோ கொடுத்த ஒரு கைப்பிடிப் புழுவைப் போட்டு ஆரம்பித்தது. காய்கறித் தோல், தேயிலைச் சக்கை, கிழித்துப்போட்ட அட்டைப்பெட்டி, மேலே ஒரு ஈரச்சாக்கு. சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை தீனி. அந்த வீட்டில் அவள் கையால் தின்ன ஆள் இல்லாத காலம் அது; அதுகளாவது தின்றன. இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

தம்பி ஆறு புதுத் தொட்டி வாங்கிக் கொல்லையில் வரிசையாக வைத்தான். புழுவையும் வெளியே வாங்கிக்கொண்டான். "என் தொட்டியில மட்டும் கை வெச்சே, தொலைச்சுப்புடுவேன்" என்று அவள் முதல் நாளே சொல்லிவைத்தாள்.

வெள்ளிக்கிழமை, செடி விற்கிற நர்சரிக்காரம்மா வருவதாக ஏற்பாடு. பிடித்துப்போனால் மாதா மாதம் உரம் எடுத்துக்கொள்வாள். புதன்கிழமை மதியம் பட்டன் வாங்கப் போய்விட்டு அக்கா திரும்பி வந்தபோது, தம்பி மூன்று மூட்டைப் பச்சைப் புல்லை அவிழ்த்துக்கொண்டிருந்தான். ஏதோ மைதானத்தில் அன்றைக்குத்தான் வெட்டியதாம்.

"என்னடா இது?"

"தொட்டி நெறைஞ்சு பச்சைப்பசேல்னு இருக்கணும்க்கா. வாங்கறவங்க மொதல்ல கண்ணாலதான் வாங்குவாங்க. வீடியோவுல பார்த்தேன்."

"எவ்வளவு போடப்போறே?"

"விளிம்பு வரைக்கும். அழுத்தி மூடிடுவேன். உனக்குச் சொன்னா புரியாது. நீ சின்ன அளவுல பண்றவ."

நுனிப்புல் மேய்ந்த ஞானம். ஈரப் புல்லை அடைத்து மூடினால் உள்ளே சூடேறும், கை வைக்க முடியாது. அவளுக்கு அது தெரியும். இரண்டாவது வருஷம் ஒரே ஒரு வாளி புல்லைப் போட்டுப் பாதிப் புழுவைப் பறிகொடுத்தவள் அவள். 'சூடேறும்டா' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் அந்த 'சின்ன அளவு' நெஞ்சில் தைத்துவிட்டது. பட்டால்தான் புத்தி வரும் என்று உள்ளே போய் ஊசியில் நூலைக் கோத்தாள்.

வியாழக்கிழமை அந்தப் பக்கம் போகும்போது ஒரு மூடியைத் தொட்டுப் பார்த்தாள். வெதுவெதுப்பாக இருந்தது. அவளுக்குச் சந்தோஷமாகவே இருந்தது. தைத்த துணிகளைக் கொடுக்கக் கிளம்பிப் போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை வந்த நர்சரிக்காரம்மாவின் நகக்கண்ணில் மண் இருந்தது. தம்பி பூமி, எதிர்காலம், பசுமைத் தொழில் என்று கால் மணி நேரம் முழங்கினான். அவள் காதில் வாங்கிக்கொண்டே மூடியைத் திறந்தாள். ஆவியும் நாற்றமும் சேர்ந்து முகத்தில் அடித்தன. உள்ளே விட்ட கையை வெடுக்கென்று எடுத்தாள். விரலில் வெளுத்து வெந்த புழுக்கள் ஒட்டியிருந்தன.

"நேத்து நல்லாத்தானே இருந்துச்சு..." என்றான் தம்பி.

இரண்டு நாளாக வாய்க்குள் உருட்டி வைத்திருந்ததை அக்கா எடுத்துவிட்டாள். "புல்லு சூடேறும்னு பச்சப்புள்ளைக்குக்கூடத் தெரியும். முதலாளிக்குத்தான் தெரியல!"

நர்சரிக்காரம்மா திரும்பினாள். "உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாம என்ன? ஒன்பது வருஷமா வளக்கறேன்."

"புல்லைப் போடும்போது வீட்லதான் இருந்தீங்களா?"

அக்கா புடவையில் ஒட்டியிருந்த நூலைப் பிய்த்தாள்.

"அவருக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு." துவைக்கிற கல் பக்கம் போய்க் கையைக் கழுவிக்கொண்டு, அக்காவை மேலும் கீழும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனாள். தம்பியைப் பார்க்க அக்கா இத்தனை வருஷமாக வைத்திருந்த பார்வை அது.

வாசல் கதவு சாத்துகிற சத்தம் கேட்ட பிறகுதான் தம்பி வாயைத் திறந்தான். "அக்கா, அடிக்காதே. உன் தொட்டியையும் இதுலதான் கொட்டினேன். புதன்கிழமை, நீ பட்டன் வாங்கப் போனப்போ. உன் புழுதான் கொழுகொழுன்னு இருந்துச்சு. இதெல்லாம் எங்க அக்கா வளத்ததுன்னு அந்தம்மாகிட்ட சொல்லணும்னு நெனச்சேன்."

அவள் ஓடிப்போய் ஈரச்சாக்கைத் தூக்கினாள். இரண்டு தொட்டியும் காலி. கழுவித் துடைத்து வைத்திருந்தான். வாழ்க்கையில் அவன் ஒழுங்காகச் செய்த ஒரே வேலை.

திரும்பிப் பார்த்தாள். முதலாளி மண்டிபோட்டு, உறை இல்லாத கையால் புல்லை வாரி வெளியே போட்டுக்கொண்டிருந்தான். "மூலையில ஒண்ணாவது உசுரோட இருக்கும்க்கா" என்று அழுதான்.

அக்கா அடுத்த தொட்டியின் முன்னால் போய் உட்கார்ந்தாள். உள்ளே விட்ட கை சுட்டது. அவள் அதை வெளியே எடுக்கவில்லை.