உசிலங்காட்டு முகப்பூச்சி

1993இல், விழுப்புரம் தனி மாவட்டமான அதே வாரத்தில், திருவக்கரைக்குப் பக்கத்து உசிலங்காட்டில் ஒரு அந்துப்பூச்சி, ரைஸ்மில் ராஜசேகரின் முகத்தை இறக்கையில் வைத்துக்கொண்டு கூட்டைவிட்டு வெளியே வந்தது. மீசையின் நரை உட்பட எல்லாம் சரியாக இருந்தது. காட்டுக்காவலுக்குத் தினக்கூலியாக இருந்த தேவநாதன்தான் காரணத்தைக் கண்டுபிடித்தான். உசில இலையில் முட்டை, அந்த இலையை மட்டுமே தின்னும் புழு, பிறகு இருபத்தொரு நாள் கூடு. கூட்டுக்குள் யார் குரலை அதிகம் கேட்கிறதோ, அவர் முகம். ராஜசேகர் அந்த மாதம் முழுக்க அந்த மரத்தடியில் நின்று பங்காளியோடு பாகத்தகராறு பேசியிருந்தார்.

சேதி திண்டிவனத்தைத் தாண்டியதும் பெரிய மனிதர்கள் வேனில் வந்து இறங்கினார்கள். கூட்டுக்கு மாலை போட்டு, மைக் வைத்து, தம் சாதனைகளை அதற்கு விளக்கினார்கள். அந்தப் பூச்சிக்கு வாய் கிடையாது. ஆயுசு ஐந்தே நாள், அதற்குள் ஜோடி சேர்ந்து முட்டையிட வேண்டும். இவர்களோ இறக்கை காய்ந்ததும் குண்டூசி குத்தி, கண்ணாடிச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டினார்கள். பத்து வருஷத்தில் வரவேற்பறைகள் நிரம்பின, காடு காலியானது. காரணத்தை ஆராய ஒரு குழு வந்தது. குழுத்தலைவர் தமக்கும் ஒன்று கேட்டார்.

2011இல் மிஞ்சியவை இரண்டே கூடு. இரண்டும் தமக்குத்தான் என்று ஒன்றியத் தலைவர் தட்சிணாமூர்த்தி சொல்லிவிட்டார். "என் மூஞ்சி வந்துச்சின்னா உன் வேலை பர்மனென்ட்டுடா." பதினெட்டு வருஷமாகக் கூலியாகவே இருந்த தேவநாதன் தலையாட்டினான். தலைவர் மூன்று நாள் வந்து முழங்கினார். மற்ற நாளெல்லாம், கேப்பைக்கூழ் கொண்டுவந்த அவன் மனைவி பரிமளா அங்கேயே நின்று அவனைத் திட்டினாள். "அந்தாளு பேச்ச நம்பிக்கினு இன்னும் எத்தினி வருஷம் இப்பிடியே குந்திக்கினு இருப்ப? உசில மரங்கூட வருஷா வருஷம் தளிர் உடுது, உனக்கு ஒரு மண்ணும் ஆவல!"

பந்தல், நாதஸ்வரம், பொன்னாடை எல்லாம் தயாராக இருந்த காலையில் இரண்டு பூச்சிகளும் வெளியே வந்தன. ஆணிலும் பெண்ணிலும் பரிமளாவின் முகம். மூக்குத்தி மின்னியது, வாய் திறந்திருந்தது. கைதட்ட ஆரம்பித்தவர்கள் பாதியில் நிறுத்திக்கொண்டார்கள்.

"நசுக்குடா அத! பர்மனென்ட் வேணுமா, வாணாவா?" என்றார் தலைவர்.

தேவநாதன் இரண்டையும் உள்ளங்கையில் எடுத்துக்கொண்டான். கூட்டத்தில் நின்ற பரிமளாவை ஒருமுறை பார்த்தான்.

"நான் ஊட்டுக்குப் போயி சோறு துன்னணுமேங்க," என்று சொல்லிக் கையை விரித்து இரண்டையும் பறக்கவிட்டான்.

வேலை அன்றே போனது. பரிமளாவைச் சட்டம் போட்டு மாட்ட எந்த வரவேற்பறையும் முன்வராததால், பூச்சிகள் ஐந்து நாளும் முழுதாக வாழ்ந்து முட்டையிட்டன. அதன்பிறகு கூட்டிடம் பேச யாரும் போகவில்லை, குஞ்சுகள் தாயைப்போலவே பிறந்தன. மூன்றாம் வருஷம் எண்ணுவதை விட்டுவிட்டார்கள். தேவநாதன் இப்போது வேர்க்கடலைக் கொல்லையில் மல்லாட்டை பிடுங்கப் போகிறான். திருவக்கரைக் கோயிலுக்குப் போய்த் திரும்பும் பஸ்ஸில் ஒரு பூச்சி வந்து டிக்கெட் புத்தகத்தின் மேல் உட்கார்ந்தால், "பரிமளாக்கா, கொஞ்சம் நகந்துக்க," என்று சொல்லிவிட்டுக் கண்டக்டர் அடுத்த டிக்கெட்டைக் கிழிக்கிறார்.