தண்டில் மூன்று கோடுகள்

திண்டிவனம் புறவழிச்சாலையை ஒட்டிய தன் பட்டறையில் தர்மசந்திரன் அந்த இருக்கைக்கு மூன்றாம் முறையாக மட்டம் பார்த்தார். சரியாக இருந்தது. முதல் முறையும் சரியாகத்தான் இருந்தது.

குவாரியில் கழித்த கருங்கல்லையும் பழைய இரும்பையும் இணைத்து மேசை, இருக்கை, எப்போதாவது ஒரு சிற்பம் என்று செய்து அனுப்புவது இருபது ஆண்டுகளாக அவர் தொழில். இந்த இருக்கை மட்டும் அக்கா ஞானமதிக்கு. செஞ்சியை அடுத்த சொந்த ஊரின் ஜினாலயத்தில் மாலைதோறும் சமண நூல் வாசிப்பார்கள். எல்லாரும் தரையில் அமர்ந்து கேட்பது வழக்கம். மூட்டு தேய்ந்த பிறகு அக்காவுக்குத் தரை ஒத்துவரவில்லை. நாற்காலி போட்டால் நூல் வைத்த பலகையைவிடத் தான் உயர்ந்துவிடுவோம் என்று அதற்கும் அவள் இசையவில்லை. இரண்டு ஆண்டுகளாக வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றே கேட்கிறாள். நூற்பலகைக்கு நான்கு விரல் தாழ்வாகவும், கால் முழுதும் மடங்காத அளவுக்கு உயரமாகவும் அளவெடுத்துச் செய்த இருக்கை இது. இன்று மாலை வாசிப்புக்குள் போய்ச் சேர வேண்டும்.

பதினோரு மணிக்கு மினி லாரி வந்தது. ஓட்டி வந்தவர் மாயவன், மரக்காணத்துக்காரர். படகை விற்றபின் வண்டி ஓட்டுகிறார். இருக்கையைத் தூக்கக் குனிந்தவர் அதன் ஒரு காலைப் பிடித்த பிடியில் அப்படியே நின்றார். இரும்பில் குறுக்கே மூன்று கோடுகள் இருந்தன. அவருடைய கட்டைவிரல் பார்வையின் துணையின்றி அவற்றின் மேல் போய் அமர்ந்தது.

"நயினாரே, இத எங்க புடிச்சீங்க?"

விழுப்புரத்தில் வேங்கடேசனின் பழைய இரும்புக் கடையில் வாங்கிய ரைஸ் மில் தண்டு, நான்காக அறுத்துக் கால்களாக்கினேன் என்றார் தர்மசந்திரன்.

"மில்லா? இது எங்க படகோட சுக்கான் தண்டுங்க. சுக்கான் நேரா நிக்குதான்னு இருட்டுல தடவித் தெரிஞ்சிக்கினு போவேன். அரம் போட்டதே நாந்தான்."

தர்மசந்திரன் மட்டக்கோலைக் கீழே வைத்தார். கசாப்பு, துப்பாக்கி, மீன்பிடிப்பு என்று உயிர்க்கொலையோடு சேர்ந்த மூன்றிலிருந்தும் வந்த இரும்பை அவர் தொடுவதில்லை. இரும்புக்கு ஜாதகம் கேட்கிற ஒரே ஆள் நீங்கள்தான் என்று வேங்கடேசன் சிரிப்பது வழக்கம். எங்கிருந்து வந்தது என்பது முதல் கேள்வி. கழற்றியவர் யார் என்பது இரண்டாவது. முதற்கேள்விக்குப் பொய் சொல்கிறவன் இரண்டாவதில் தடுமாறுவான். இந்தத் தண்டை வாங்கிய அன்று முதுகு வலித்ததால் இரண்டாவதைக் கேட்காமல் வந்துவிட்டார்.

அவர் முகத்தைப் பார்த்த மாயவனுக்கு விஷயம் விளங்கிவிட்டது. நயினார் என்று ஊர் அழைக்கும் சமணர் வீட்டுச் சரக்கு ஏற்றிப் பழகியவர்.

"நான் வாயத் தொறக்க மாட்டேங்க. ஏத்துவோம், எறக்குவோம். எதுக்குப் பேஜாரு?"

அது நல்ல மனத்தோடு சொன்னது, நடக்கக்கூடியதும்கூட. மண்டபத்தில் அமரும் நாற்பது பேரில் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. நூலுக்கு நான்கு விரல் தாழ்வாக அக்கா தம்பியின் பொய்யின்மேல் அமர்ந்திருப்பதை எண்ணிப் பார்த்தார். பிறகு, வேறு வழியில்லாத மனிதரின் சோர்வோடு தொலைபேசியை எடுத்தார்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஞானமதி முதலில் விசாரித்தது மாயவனைப் பற்றி.

"அந்த மனுஷன் அங்கதான் இருக்காரா?"

"இருக்காரு."

"மொதல்ல தண்ணி குடு அவருக்கு. படகு போனவரு. கல்ல மட்டும் எடுத்துக்கினு வா. முடியலன்னா விடு, நிக்கிறேன். நின்னு பழகிடுச்சி."

கல்லில் குழி வெட்டி, இரும்பை நிறுத்தி, ஈயம் காய்ச்சி ஊற்றிய இணைப்புகள் அவை. நூறு ஆண்டு அசையாது என்று அவரே வாடிக்கையாளர்களிடம் சொல்லுவார். அதைப் பிரிக்க ஈயம் உருகும்வரை இரும்பைச் சுடவைக்க வேண்டும்; கல் சூடு தாங்க வேண்டும். இருக்கையைத் தலைகீழாகப் புரட்டி, கால்களைச் சூடாக்கினார்கள். ஈயம் இளகியதும் மாயவன் குறட்டால் பிடித்து ஒவ்வொன்றாக உருவினார். மூன்று கால்கள் ஒழுங்காக வந்தன. கோடுகள் இருந்த நான்காவது கால் வரும்போது கல்லுக்குள் விரல் சொடுக்கியது போன்ற ஓர் ஒலி கேட்டது.

தர்மசந்திரன் கல் ஆறும்வரை காத்திருந்தார். பிறகு ஈரத்துணியால் துடைத்தார். உள்ளங்கை நீளத்துக்கு ஒரு மயிரிழை விரிசல். நாற்பத்தைந்து கிலோ எடையுள்ள அக்காவை அது பல ஆண்டுகள் தாங்கும்; தொழில் அறிந்தவராக அதை அவர் உறுதியாகச் சொல்ல முடியும். மூலையில் கிடந்த இரண்டு கல்துண்டுகளை உயரத்துக்கு அறுத்துக் கால்களாக வைத்துக்கொண்டார். அதற்கே மணி மூன்றரை.

நான்கு இரும்பையும் எடுத்துக்கொள்ளச் சொன்னபோது மாயவன் மறுத்துத் தலையசைத்தார்.

"கோடு போட்டது ஒண்ணு போதுங்க. மத்தத வெச்சிக்கினு நான் என்னா பண்ணப் போறேன்?"

தாமும் என்ன செய்வது என்று தர்மசந்திரனுக்குத் தெரியவில்லை. மூன்றையும் சுவரோரம் சாய்த்து வைத்தார்.

வண்டியின் பின்தட்டில் கல்லைக் கிடத்தி, நகராமலிருக்க ஓரத்தில் சாக்கைத் திணித்தார்கள். மாயவன் தன் இரும்புத் துண்டையும் அதன் பக்கத்திலேயே போட்டார். நான்கு மணி நேரம் முதுகு ஒடியப் பிரித்த இரண்டும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு செஞ்சிச் சாலையில் சென்றன. முன்னிருக்கையிலிருந்து தர்மசந்திரன் அவற்றைத் திரும்பிப் பார்த்தார், நிறுத்தச் சொல்லவில்லை. விரிசலைப் பற்றியும் அக்காவிடம் சொல்ல வேண்டும் என்பது நினைவுக்கு வந்து, மறுபடியும் தொலைபேசியை எடுத்தார்.