இரண்டு வீட்டுக்கு ஒரு புகைபோக்கி

1

தடால்!

கதைக்குப் பரபரப்பான தொடக்கம் வேண்டுமே என்று நான் போட்ட சத்தம் அல்ல இது. அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, எங்கள் தெருவில் வந்து நின்ற லாரியின் பின்பலகை தரையில் மோதிய சத்தம். என் ஜன்னல் அதிர்ந்தது. அப்போது நான் வேறொரு கதை எழுதிக்கொண்டிருந்தேன், கொலைக் கதை. (பிணம் மூன்றாவது பத்தியிலேயே கிடக்கிறது. இன்னும் யாரும் எடுக்கவில்லை.)

எட்டிப் பார்த்தேன். மரச்சட்டத்துக்குள் கட்டிய நூற்று நாற்பது கிலோ இரும்புக் கணப்பை இறக்கிவிட்டு லாரி கிளம்பிக்கொண்டிருந்தது. வைத்த இடம்தான் தப்பு.

எதிரே இருப்பது இரட்டை வீடு. நடுவில் ஒரே சுவர், ஆளுக்கொரு வாசல். கணப்பை வாங்கியவள் இடப்பக்கத்து குன்வோர். லாரிக்காரன் இறக்கியது வலப்பக்கத்து ஸ்டைனாரின் வாசலில். இருவரும் கூடப்பிறந்தவர்கள். ஒன்பது வருஷமாகப் பேச்சு இல்லை.

ஆக, இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன். ஜன்னல் வழியாகத் திருடியது.

2

தொடக்கம் ஒன்று: "ரோரோஸ் நகரின் குளிர் எலும்பைத் துளைக்கும் அந்த" – வேண்டாம். எங்கள் ஊர் அக்டோபர்க் குளிர் துளைக்காது. தட்டிப் பார்த்துவிட்டுப் போகும்.

தொடக்கம் இரண்டு: "குன்வோர் ஒரு விறகு அடுப்பு வாங்கினாள்." இதுவும் நிற்கவில்லை. விறகு அடுப்பு என்றதும் உங்கள் மனசில் உலை கொதிக்க ஆரம்பித்துவிடும். இதில் எதுவும் கொதிக்காது. ஹாலின் நடுவில் ராஜா மாதிரி உட்கார்ந்து, கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் எரிந்துகொண்டு, வீட்டையே சூடாக்கும். அதனால்தான் கணப்பு என்று எழுதுகிறேன்.

தொடக்கம் மூன்று: "ஸ்டைனார் ஒரு கல்நெஞ்சக்காரன்."

இதுதான் எனக்குப் பிடித்திருந்தது. இந்த ஊர் மொழியில் 'ஸ்டைன்' என்றால் கல்; அவன் பெயரிலேயே கல் இருக்கிறது. தொடர்கதை எழுதுகிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

ஆனால் அன்று நான் பார்த்ததையும் சொல்ல வேண்டும். ஸ்டைனார் கதவைத் திறந்தான். பெட்டியைப் பார்த்தான். வானத்தைப் பார்த்தான். உள்ளே போய் நீல நிறத் தார்ப்பாய் ஒன்றை எடுத்து வந்து பெட்டியைப் போர்த்தி, நான்கு மூலையிலும் கயிறு கட்டினான். இழுத்துப் பார்த்துவிட்டு உள்ளே போனான். பக்கத்து வாசலில் போய் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

வில்லன் தார்ப்பாய் கட்ட மாட்டான். மூன்றாவது தொடக்கத்தையும் அடித்துவிட்டேன்.

3

குன்வோரின் ஹாலை நீங்கள் பார்க்க வேண்டும். இல்லை, பார்க்காமல் இருப்பதே நல்லது. மூன்று வாரமாக அது போர்க்களம். பைன் பலகைகளைச் சுவரிலிருந்து பிடுங்கி அடுக்கியிருந்தாள். சோபா சமையலறையில். டிவி படுக்கையறையில், திரையைச் சுவர்ப் பக்கம் திருப்பி, தண்டனை கொடுத்த மாதிரி நின்றது. நடுச்சுவரில் புகைபோக்கியின் செங்கல் வெளியே வந்துவிட்டது. அதன் முன்னால் தரையில் கருங்கல் பலகை. முப்பது வருஷமாக டிவியைப் பார்த்து உட்கார்ந்திருந்த அறையை அவள் கணப்பைப் பார்த்துத் திருப்பி வைக்கிறாள்.

அவளுக்கு அறுபத்தொரு வயது. பள்ளி நூலகத்தில் வேலை. ஆகவே எழுதுகிறவர்கள் மேல் மரியாதை கிடையாது.

"எழுத்தாளரே, எட்டிப் பாத்தது போதும். வந்து ஒரு கை புடி" என்று தெருவிலிருந்து கத்தினாள்.

தள்ளுவண்டியோடு போனோம். அவள் தார்ப்பாயைப் பார்த்து நின்றாள்.

"இது யாரு கட்டினது?"

"யாரு கட்டுவாங்க? அவன்தான்."

"நனைஞ்சா அவன் வாசல் அழுக்காயிடும்னு கட்டியிருப்பான்" என்றாள். ஆனால் முடிச்சை அறுக்கவில்லை. விரல் சிவக்கச் சிவக்க ஒவ்வொன்றாக அவிழ்த்து, தார்ப்பாயை மடித்து, அவன் வாசற்படியில் வைத்தாள்.

கணப்பைக் கருங்கல் மேல் நிறுத்தி முடிப்பதற்குள் எனக்கு இடுப்பு போய்விட்டது. அதன் முன்னால் இரண்டு புது நாற்காலிகள் போட்டிருந்தாள். ஒன்றில் விழுந்தேன்.

"ரெண்டாவது நாற்காலி யாருக்கு?"

"பூனைக்கு."

"உன்கிட்ட பூனை இல்லையே."

"வாங்கிக்கறேன். உனக்கென்ன?"

அப்போதுதான் கேட்டது. செங்கல் வழியாக மெல்லிய ரேடியோ சத்தம், வானிலை அறிக்கை. பலகையைப் பிடுங்கியதிலிருந்து அவன் வீடு இவளுக்குக் கேட்கிறது.

"அப்ப நீ சுத்தியல் அடிக்கறதும் அவனுக்குக் கேக்குமே?"

"அவன் கடைக்குப் போற நேரம் பாத்துத்தான் அடிப்பேன்" என்றாள். "எதுக்குத் தொந்தரவு?"

(ஒரு பக்கக் குறிப்பு: ஸ்டைனார் ஒரு நாளைக்கு மூன்று தடவை கடைக்குப் போவதை நான் ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறேன். மூன்று தடவையும் இவள் சுத்தியல் ஓய்ந்த பிறகு வெறுங்கையோடுதான் திரும்புவான். அப்போது எனக்குப் புரியவில்லை.)

4

எல்லாக் கதைக்கும் ஒரு சட்டச் சிக்கல் வேண்டும். இந்தக் கதைக்கு அது தானாகவே வந்தது. பெயர் மாரித். எங்கள் வட்டாரத்துப் புகைபோக்கிகளைச் சுத்தம் செய்து சான்றிதழ் கொடுப்பவள். கன்னத்தில் கரியோடு உள்ளே வந்தாள், செங்கல்லைத் தட்டினாள், குழாயை அளந்தாள்.

"அழகா வெச்சிருக்கே. ஆனா கொளுத்த முடியாது."

"ஏன்?"

"ரெண்டு வீட்டுக்கும் ஒரே புகைபோக்கி. கரி அள்ளுற கதவு அந்தப் பக்கம் இருக்கு. அவரு கையெழுத்து போடணும், நான் அங்க போய்ப் பாக்கணும். இந்தா படிவம்."

குன்வோர் அதை வாங்கவில்லை. "வேற வழி?"

"கூரையில புதுசா ஓட்டை போடு. அதுக்குள்ள பனி வந்துரும்."

"அவன்கிட்ட நான் கேக்க மாட்டேன்."

"நான் புகை பாக்குறவ. குடும்பம் பாக்குறவ இல்ல" என்று மாரித் படிவத்தைக் கணப்பின் தலையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

குன்வோர் அதன் முன்னால் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். என்னிடம் சொன்னாள்:

"ட்ரொன்ஹைம்ல எம் பொண்ணு ஒரு ஃபிளாட் பாத்து வெச்சிருக்கா. வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் சொல்லணும். இது எரிஞ்சா இங்க இருப்பேன். எரியலேன்னா கிளம்பிடுவேன். போன ஜனவரி மாதிரி இன்னொரு தடவை என்னால முடியாது."

"போன ஜனவரி என்ன?"

"ரெண்டு நாள் கரண்ட் போச்சே. எங்கிட்ட இருந்தது கரண்ட் ஹீட்டர்தானே? கார்ல எஞ்சினை ஓட விட்டு உள்ளயே உக்காந்திருந்தேன்."

வெளியே மைனஸ் முப்பத்திரண்டு. பத்தடி தள்ளி, அண்ணன் வீட்டில் கணப்பு எரிந்துகொண்டிருந்தது.

5

இங்கே உங்களுக்கு ஒரு காரணம் தர வேண்டும். ஒன்பது வருஷப் பகைக்குத் தகுந்த காரணம்.

சொத்து? எழுதிப் பார்த்தேன். "தந்தையின் உயிலில் ஒரு வரி மட்டும்" – பொய். அப்பா வீட்டைச் சரிபாதியாகப் பிரித்துக் கொடுத்துவிட்டுத்தான் போனார். பழைய காதல்? பத்திரிகை ஆசிரியர் சந்தோஷப்படுவார். ஆனால் ஸ்டைனாரின் ஒரே காதல் அவன் மனைவி பெரித். அவளும் ஒன்பது வருஷத்துக்கு முன்னால் இறந்துவிட்டாள்.

கடைசியில் நேராகவே கேட்டுவிட்டேன். குன்வோர் செங்கல்லுக்கு வெள்ளை அடித்துக்கொண்டே சொன்னாள்.

"பெரித்தைப் புதைச்சிட்டு வந்த அன்னிக்குச் சூப் எடுத்துட்டுப் போனேன். கதவைப் பாதி தெறந்து, 'இப்ப யாரும் வர வேணாம்'னு சொன்னான். இன்னும் ஏதோ முணுமுணுத்தான், பாதிலயே கதவைச் சாத்திட்டான். சரின்னு வந்துட்டேன்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"அப்புறம் போகலியா?"

"வேணாம்னு சொன்ன மனுஷன்கிட்ட எப்படிப் போறது?" என்று என்னை அதிசயமாகப் பார்த்தாள். "கூப்பிடுவான்னு இருந்தேன். கூப்பிடலை."

இங்கே குடிவந்த இருபத்து மூன்று வருஷத்தில் இந்த ஊர்க்காரர்களைப் பற்றி நான் தெரிந்துகொண்டது இதுதான். இவர்கள் கைகலப்பில் பிரிவதில்லை. மரியாதையில் பிரிந்துவிடுகிறார்கள்.

6

முடிவுக்கு வந்துவிட்டோம். கையில் மூன்று இருக்கின்றன.

அ. குன்வோர் படிவத்தை அவன் தபால்பெட்டியில் போடுகிறாள். மறுநாள் கையெழுத்தோடு இவள் பெட்டியில் இருக்கிறது. கணப்பு எரிகிறது. ஒரு சொல்லும் இல்லை. (நடக்கக்கூடியது. அதனாலேயே பிடிக்கவில்லை.)

ஆ. வெள்ளிக்கிழமை மூட்டை கட்டுகிறாள். (வேண்டாம். என் இடுப்பு வீணாகும்.)

இ. இருவரும் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். (ஆசிரியர் கேட்பது. இந்த ஊரில் யாரும் அழுது நான் பார்த்ததில்லை. மூக்கைச் சிந்துவார்கள், ஜலதோஷம் என்பார்கள்.)

நடந்ததை மட்டும் சொல்லிவிடுகிறேன். வியாழக்கிழமை மத்தியானம் முதல் பனி விழுந்தது. குன்வோர் வெள்ளை அடித்த கையோடு வெளியே வந்தாள். நான் என் வாசலில் பனி தள்ளிக்கொண்டிருந்தேன்.

"எழுத்தாளரே, கூட வா."

"நான் எதுக்கு?"

"அவன் தெறக்கலேன்னா திரும்பி வர்றப்ப ஒரு ஆளு வேணும்."

இரண்டு வாசலுக்கும் நடுவே பதினோரு அடி. அதைக் கடக்க அவள் எடுத்துக்கொண்ட நேரத்தில் நான் ஒரு அத்தியாயம் எழுதியிருப்பேன். தட்டினாள். உள்ளே ரேடியோ நின்றது.

என் குழப்பம் இங்கேதான். இவர்கள் மொழியில் எல்லோரும் 'நீ'. அண்ணனையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். தமிழில் அவளை 'அண்ணா' என்று கூப்பிட வைத்தால் உங்கள் கண் கலங்கும், எனக்கு வேலை சுலபம். ஆனால் அவள் அப்படிக் கூப்பிடவில்லை.

கதவு திறந்தது. ஸ்டைனார் சட்டைக்கு மேல் கம்பளி ஸ்வெட்டர் மாட்டிக்கொண்டு நின்றான், நன்றாக இளைத்திருந்தான். குன்வோர் படிவத்தை நீட்டினாள்.

"ஸ்டைனார், ஒரு கையெழுத்து வேணும். தொந்தரவு பண்ணணும்னு வரலை. நீ வர வேணாம்னு சொன்னது ஞாபகம் இருக்கு."

நான் பின்வாங்கித் தெருவுக்கு வந்துவிட்டேன். கையெழுத்து விழுந்ததா, அந்தக் கணப்பு எரிந்ததா, இரண்டாவது நாற்காலியில் பூனை உட்கார்ந்ததா, வேறு யாராவது உட்கார்ந்தார்களா என்பதை நான் எழுதப்போவதில்லை. அதை நீங்கள் எழுதுங்கள். உங்களிடம் விட்டுவிட்டுப் போக ஒரே ஒரு வரி மட்டும் என் காதில் விழுந்தது. அவன் படிவத்தைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஒரு வாரத்துக்குன்னுதான் சொன்னேன், குன்வோர்."