சொத்துள்ள ஒருவர் தேவை

பரவையில் காதுகுத்தோ கழிவறைத் திறப்போ, எதுவானாலும் ஃபிளெக்ஸில் முதல் படம் சிவனாண்டியுடையது. படத்துக்குக் கீழே 'நிலக்கிழார்' என்றிருக்கும். வாசகத்தை அவரே எழுதிக் கொடுத்துவிடுவார்.

ஆகவே, மதுக்கடையை ஒட்டிய பார் ஏலத்தில் மருதுவுக்குக் கிடைத்து, சொத்துள்ள ஒருவர் ஜாமீன் போட வேண்டும் என்று கடிதமும் வந்தபோது, அவன் வேறு யாரையும் யோசிக்கவில்லை. சிவனாண்டி அவனுடைய அத்தை புருஷன்.

"மாமா, ஒரே கையெழுத்து. வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள்ள கொடுக்கலேன்னா பாரு அடுத்தவனுக்குப் போயிரும்."

"ஒண்ணு என்னடா, பத்துப் போடுறேன்."

"கூடவே உங்க பட்டா நகல் வேணும் மாமா. வி.ஏ.ஓ. அதப் பாத்துத்தான், 'இவரு தகுதியான ஆளு'ன்னு எழுதித் தருவாராம்."

பட்டா என்றதும் சிவனாண்டி காபி டம்ளரைக் கீழே வைத்தார். அவர் பெயரில் இருந்த கடைசிப் பத்து சென்ட், கவுன்சிலர் தேர்தலில் நின்று நூற்றுப் பதினேழு ஓட்டு வாங்கியதில் கரைந்துபோனது. வீடு, தென்னந்தோப்பு எல்லாம் மனைவி தங்கப்பொண்ணு பரவை மார்க்கெட்டில் வெங்காயக் கமிஷன் கடை நடத்தி வாங்கியவை. அவள் பெயரில் இருப்பவை. ஊருக்கு இது தெரியாது. தெரியாமல் அவர் பார்த்துக்கொண்டார்.

நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"குடிகெடுக்குற தொழிலுக்கு நான் கையெழுத்துப் போட்டா ஊரு என்ன பேசும்? கொள்கைன்னு ஒண்ணு இருக்குல்ல."

"ஏலத்துல நில்லுடான்னதே நீங்கதான மாமா. ரிப்பன் வெட்ட வாரேன்னு வேற சொன்னீங்க."

"அது போன வாரம்."

சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கக் கொள்கை தெரிந்துவிட்டது. டீக்கடை டீக்கடையாக அவரே போய்ச் சொன்னார். ஒரு கடையில் சால்வை போர்த்தினார்கள்.

சால்வையோடு வீடு திரும்பியபோது தங்கப்பொண்ணு மருதுவுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தாள். "நான் போடுறேன் கையெழுத்து. எங்கண்ணன் மகன் யாவாரத்துல சுத்தமானவன்" என்றாள்.

சிவனாண்டி சால்வையை மடித்து வைத்தார்.

வெள்ளிக்கிழமை காலை வி.ஏ.ஓ. ஜெரால்ட், புருஷனையும் ஆபீசுக்குக் கூட்டி வரச் சொல்லியிருந்தார். பத்திரங்களைப் புரட்டிவிட்டு, "நல்ல சொத்தும்மா. ஆனா நாளைக்கு ஜப்தின்னு வந்தா, எனக்கும் பங்கு இருக்குன்னு சார் கோர்ட்டுக்குப் போயிரக் கூடாது. அவரு ஒரு உறுதிமொழி தரணும்" என்றார்.

"சாராயச் சமாச்சாரத்துல என் கையெழுத்துக் கெடையாது" என்றார் சிவனாண்டி.

"இதுல சாராயமே வரல சார். படிக்கிறேன், கேளுங்க."

ஜெரால்ட் மிஷன் பள்ளியில் படித்தவர். உச்சரிப்பு கணீரென்று இருக்கும். சான்றிதழுக்காக வாசலில் நின்ற இருபது பேருக்கும் சேர்த்தே கேட்டது.

"'மேற்படி சொத்துகளில் எனக்கு எவ்வித உரிமையும் இல்லை. எனக்கென்று வேறு சொத்தும் இல்லை. நான் என் மனைவியின் வருமானத்தில் வாழ்ந்து வருகிறேன்.'"

வாசலில் நின்றவர்கள் உள்ளே எட்டிப் பார்த்தார்கள்.

"மாமா, மணி பன்னெண்டாகப் போகுது" என்றான் மருது.

"இதுல எது பொய்யின்னு சொல்லுங்க. அத அடிச்சிரச் சொல்றேன்" என்றாள் தங்கப்பொண்ணு.

சிவனாண்டி தாளை வாங்கி இரண்டு முறை படித்தார். அடிப்பதற்கு ஒன்றும் அகப்படவில்லை. பேனாவுக்குக் கை நீட்டினார்.

"கடைசி வரிய மட்டும் கொஞ்சம் மெதுவாப் படிச்சிருக்கலாம் தம்பி" என்று சொல்லிக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.