தண்ணீர் தேங்காத கன்வாஸ்

படகை எடுத்துப்போக ஹேமநாதன் பக்கத்து ஊரான பாலோவில் தயாராக இருந்தான். அவன் புஷ்பவள்ளியின் தம்பி. அவனுக்கு வாக்குக் கொடுத்ததும் புஷ்பவள்ளிதான்.

"இந்த மழையில கன்வாஸ் மேல தண்ணி தேங்குச்சுன்னா படகு உன்னோடது, வந்து இழுத்துட்டுப் போ" என்று அவள் போனில் சொன்னதை, பக்கத்தில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்த வீரமுத்து கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

"புருஷன்கிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டுச் சொல்லலாம்லா."

"போன வருஷம் அந்தத் தண்ணி என்னைக் கேட்டுட்டா தேங்குச்சு?"

போன வருஷம் நடந்தது குளுவாங் ஊரில் அவர்கள் இருந்த வரிசை வீடுகளுக்கெல்லாம் தெரியும். பக்கவாட்டில் டிரெய்லர் மேல் நிறுத்தியிருந்த ஃபைபர் படகின் நீலக் கன்வாஸ் நடுவில் தொய்ந்து குளம் கட்டியது. குளத்தில் கொசுப்புழு நெளிந்தது. சுகாதார இலாகாக்காரர்கள் வந்து டார்ச் அடித்துப் பார்த்து எச்சரித்துவிட்டுப் போனார்கள். அத்தனை பேரும் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

மழைக்காலம் முடிந்து மெர்சிங் கடல் அடங்கும்வரை படகுக்கு வேறு இடமில்லை. அந்தக் கடலில் தூண்டில் போடுவதை விட்டால் ஓய்வுபெற்ற வீரமுத்துவுக்கு வேறு குஷியும் இல்லை.

புதுக் கன்வாஸ் வாங்க இரண்டு பேருமே கடைக்குப் போனார்கள். வீரமுத்து ரப்பர் போல் தடித்த ஒன்றைத் தூக்கினார்.

"இது லோரிக்குப் போடுறது. கிழியாது."

"கிழியாது, மூச்சும் விடாது. போன தடவ உள்ள வேர்த்து வேர்த்து சீட்டெல்லாம் பூசணம்." அவள் வேறொரு துணியைக் கசக்கிப் பார்த்தாள். "இது மழைய உள்ள விடாது. ஆவி மட்டும் வெளிய போவும்னு கடைக்காரர் சொல்றாரு."

"நீ எப்போலருந்து படகுக்காரி?"

"பூசணத்தத் தேச்சதுலருந்து."

அவள் எடுத்த துணியையே வாங்கினார்கள். வீரமுத்து காலம் முழுக்க, எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டியவர். கன்வாஸைப் போர்த்தினார், டிரெய்லரில் காலை முட்டுக்கொடுத்துக் கயிற்றை இழுத்தார், முடிச்சுப் போட்டார்.

"தட்டிப் பாரு, மேளம் மாதிரி இருக்கும்."

புஷ்பவள்ளி தட்டவில்லை. நடுவில் கையை வைத்து அழுத்தினாள். துணி தொட்டிபோல் இறங்கியது.

"லோரியில அடியில குலை இருந்துச்சு, தாங்குச்சு. இதுல என்னாங்க இருக்கு? வெறும் காத்து."

வீரமுத்து கயிற்றைப் பிடித்தபடியே நின்றார். "அலமாக்" என்று மெதுவாக அங்கலாய்த்தார். "அப்ப போன வருஷமும் இதே கதைதான்."

மறுநாள் பிளாஸ்டிக் குழாய்களை வில்லாக வளைத்துப் படகின் குறுக்கே நிறுத்தினார். உச்சியில் நீளமாக ஒரு சட்டம் ஓடவிட்டார். துணி உரசிக் கிழியாமலிருக்கக் குழாய் முனைகளில் பழைய துணி சுற்றினார்.

"அது என் கைலி" என்றாள் புஷ்பவள்ளி.

"பழசுதானே."

"நேத்துவரைக்கும் கட்டிட்டிருந்தேன்."

கன்வாஸ் இப்போது கூடாரம்போல் இரண்டு பக்கமும் சரிந்தது. காற்று போய்வர முன்னும் பின்னும் இடைவெளி விட்டு, அதில் கொசுவலை கட்டினார்.

மழை ஒரு மத்தியானம் பிடித்தது, விடவேயில்லை. ஹேமநாதனும் வந்துவிட்டான், வண்டியின் பின்னால் இழுவைக் கொக்கியோடு.

"மச்சான், நல்ல கொக்கியா பாத்துப் போட்டுட்டேன்."

"மழையில நனைஞ்சு துருப்பிடிச்சிடப்போவுது, பாத்துக்க."

மூன்று பேரும் கார் நிறுத்தும் கூரையடியில் நின்று பார்த்தார்கள். தண்ணீர் உச்சியில் விழுந்து இரண்டு பக்கமும் வழிந்தோடியது. ஹேமநாதன் குடையை விரித்துக்கொண்டு கிட்டே போனான்.

"நடுவுல கொஞ்சம் பள்ளம் மாதிரி இருக்கே, அக்கா."

"நீ அழுத்துறியே, அதனால. கைய எடு."

அவள் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு இறங்கினாள். ஓரத்தைத் தூக்கிக் கையை உள்ளே விட்டு இருக்கையைத் தடவினாள். உள்ளங்கையை முகர்ந்து பார்த்தாள். ஈரமும் இல்லை, பூசண வாடையும் இல்லை.

"என்னாங்க, பின்பக்கக் கயிறு தளர்ந்திருக்கு. மழ விட்டதும் இறுக்குங்க. மேல விழுற இலைய அப்பப்ப கூட்டிவிடணும், இல்லன்னா கறை புடிக்கும். வெயில்ல காயவைக்காம மடிக்கக் கூடாது."

"அப்ப படகு?" என்றான் ஹேமநாதன்.

"கடல் அடங்கட்டும், நீயும் கூட வா. மீன் கெடைச்சா உனக்கும் உண்டு."

"கெடைச்சாவா?" என்றார் வீரமுத்து.

மழை விடும்வரை அவர் காத்திருக்கவில்லை. மைத்துனன் கையிலிருந்த குடையைப் பிடுங்கிக்கொண்டு பின்பக்கக் கயிற்றைப் பார்க்கப் போனார்.

"மச்சான், அது என் கொட" என்று நனைந்துகொண்டே சொன்னான் ஹேமநாதன்.